புதுப்பிப்பு: தங்கச்சியின் விவாகரத்து வழக்கில் ‘பிள்ளையின் நலன்’

வழக்குப் பத்திரத்தில் “பிள்ளையின் சிறந்த நலனைக் கருதி மகனின் கட்டுக்காப்பைத் தாய்க்கு வழங்க” என்று இருக்கிறதே (கட்டுக்காப்பு என்றால் பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கும் உரிமை), அது வெறும் சம்பிரதாய வரியா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். திருகோணமலையில் எங்கள் சட்டத்தரணியிடமே கேட்டுவிட்டேன். சம்பிரதாயம் இல்லையாம்.

“தகப்பனுக்குத்தான் முதல் உரிமை” என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இலங்கையின் பொதுச் சட்டமான றோமன்-டச்சுச் சட்டத்தில் அப்படி ஒரு முன்னுரிமை இருப்பது உண்மை. ஆனால் நீதிமன்றம் பிள்ளையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறது. அதனால் அந்த வரியை எழுதினால் மட்டும் போதாது, காட்டவும் வேண்டும். மகன் உப்புவெளியில் யாருடன் இருக்கிறான், பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போகிறார்கள், தங்கச்சி வேலைக்குப் போனால் யார் பார்ப்பது. தேவைப்பட்டால், பிள்ளையின் நிலைமையை விசாரிக்கும் அரச அலுவலரான நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கையும் கேட்பார்களாம். புருசன் கெட்டவர் என்று பக்கம் பக்கமாக எழுதுவது இதற்கு உதவாது. அம்மாவுக்குத்தான் இது இன்னும் விளங்கவில்லை!

அப்புறம், கட்டுக்காப்புக் கட்டளை கல்லில் வெட்டியது அல்ல; நிலைமை மாறினால் மாற்றக் கேட்கலாம். தகப்பன் வந்து பார்க்கும் நாட்களையும் இப்போதே தெளிவாக எழுதச் சொன்னார் சட்டத்தரணி.

தகப்பன் பராமரிப்புக்குத் தரவேண்டிய தாபரிப்புக் காசுக்கு விவாகரத்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தனியாகக் கேட்கலாம். அந்த விண்ணப்பத்தைத்தான் முதலில் போடுகிறோம்.