பெர்லினில் துணி துவைக்கப் போன நாள் முதல்

பெர்லினில் ஒரு மாதம் தங்கினேன். நொய்கோல்ன் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் சின்ன வீடு. முதல் நான்கு நாட்கள் பிராண்டன்பர்க் வாயில், பெர்லின் சுவரின் மிச்சப் பகுதி, அருங்காட்சியகத் தீவு என்று காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றினேன். ஐந்தாம் நாள் காலையில் போட்டுக்கொள்ளத் துவைத்த சட்டை இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பும் தீர்ந்திருந்தது. சரி, இன்று ஊர் பார்க்க வேண்டாம், வேலையை முடிப்போம் என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அந்த ஊர் எனக்கு நெருங்கி வந்தது அன்றுதான்.

தெருமுனையில் காசு போட்டுத் துவைக்கும் லாண்டரி ஒன்று இருந்தது. வரிசையாக மெஷின்கள். துணியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, காசு போடும் இடத்தைத் தேடினேன். எந்த மெஷினிலும் இல்லை. மூலையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எழுந்து வந்தார். மெஷினின் மேல் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். அப்புறம் என் முழங்கையைப் பிடித்துச் சுவரில் இருந்த பெட்டிக்கு அழைத்துப் போனார். எல்லா மெஷின்களுக்கும் பணம் கட்டுவது அந்த ஒரே இடத்தில்தான். எண்ணை அழுத்தி, காசைப் போட்டால் மெஷின் ஓடத் தொடங்குகிறது. அதை அழுத்தும் முன் திரும்பிப் போய், என் வெள்ளைத் துணிகளுக்கு நடுவே இருந்த சிவப்புத் துண்டை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். எங்களுக்குள் பொதுவான மொழி எதுவும் இல்லை. துண்டைப் பிடித்துக்கொண்டு 'டாங்கே' என்று ஜெர்மனில் நன்றி சொன்னேன், அவர் பத்திரிகைக்குத் திரும்பிவிட்டார்.

துணி சுழன்று முடிய முக்கால் மணி நேரம் ஆனது. எங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவர் படுக்கை விரிப்பை இன்னொருவர் உதவியோடு மடித்தார். ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதினான். எந்தச் சுற்றுலா இடத்திலும் நான் அவ்வளவு நேரம் மனிதர்களை நிதானமாகப் பார்த்ததில்லை. அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரத்துக்குப் போனேன். பாட்டி அங்கே இருந்தார். என் துணிப்பையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

பாட்டில் திருப்பிக் கொடுப்பது இன்னொரு வேலை. அங்கே தண்ணீர் வாங்கும்போதே பாட்டிலுக்கும் சேர்த்து முன்பணம் கட்டுகிறோம். அதற்கு ஃபாண்ட் என்று பெயர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட். கழுவி மறுபடி நிரப்பப்படும் பீர் பாட்டில் என்றால் பெரும்பாலும் 8 சென்ட். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட்டில் இருக்கும் மெஷினின் வட்ட வாய்க்குள் வைத்தால், அது சுழற்றிப் பார்த்து, அடையாளத்தைப் படித்து, உள்ளே இழுத்துக்கொள்கிறது. கடைசியில் ஒரு சீட்டு வரும். அதை பில் போடும் இடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள்.

முதல் முறை நான் கொண்டுபோனது மூன்றே பாட்டில்கள். எனக்கு முன்னால் இரண்டு பெரிய மூட்டைகளோடு நின்றிருந்த பெரியவர், என் கையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார். இடம் அடைக்காமல் இருக்கட்டும் என்று நான் நசுக்கி வைத்திருந்த ஒரு பாட்டிலை மெஷின் திருப்பித் தள்ளியது. இரண்டு தடவை முயன்றேன், எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அதை வாங்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அங்கங்கே அழுத்தி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து உள்ளே வைத்தார். இழுத்துக்கொண்டது. சீட்டை என்னிடம் நீட்டினார். 75 சென்ட்.

நகரத்தில் தெருத்தெருவாகப் பாட்டில் சேகரித்து, அந்தக் காசையும் நம்பி வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. அவர்கள் குப்பைக்குள் கையை விடக் கூடாது என்று, பலர் காலி பாட்டிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். வெளியே குடித்த பாட்டில்களை நானும் அப்படியே வைக்கத் தொடங்கினேன். அவற்றை யார் எடுத்தார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது இருந்ததும் இல்லை.

மூக்குக் கண்ணாடியின் திருகாணி விழுந்த நாளையும் சொல்ல வேண்டும். கடையின் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு போனேன். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்று நினைத்து நடந்தால் கணக்கு உதைத்தது. ஒரே பக்கத்தில் 14, 15, 16 என்று போய்க்கொண்டே இருந்தது. மஞ்சள் வண்டியோடு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்த தபால்காரப் பெண்ணிடம் எண்ணைக் காட்டினேன். அவர் தன் உள்ளங்கையில் விரலால் ஒரு குதிரை லாடம் வரைந்தார். பெர்லினின் பழைய தெருக்கள் பலவற்றில் எண்கள் ஒரு பக்கமாகவே தெருக்கோடி வரை போய், அங்கே தாண்டி, எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருகின்றன. பெயர்பெற்ற கூர்ஃபுர்ஸ்டன்டாம் சாலையிலும் இதே கதைதான். அங்கே இன்னொரு விசேஷமும் உண்டு, எண்கள் 1இல் அல்லாமல் 11இல் தொடங்குகின்றன. நான் தேடிய கடை, நான் நடக்கத் தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. திருகாணியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்தும் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் இவ்வளவு முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகளைத் தவிர சூப்பர் மார்க்கெட்டுகள் திறப்பதில்லை. இது வெறும் பழக்கமும் இல்லை. ஞாயிறு ஓய்வு நாள் என்று ஜெர்மனியின் 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதிய பிரிவு, இன்றைய அரசியலமைப்பிலும் அப்படியே இருக்கிறது. அதனால் சனிக்கிழமை மாலை ஊரே பையோடு கடையில் நிற்கிறது. அந்த வரிசையில் நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். பில் போடும் இடத்தில் நகரும் பட்டையில், என் சாமான்களுக்கும் பின்னால் நிற்பவர் சாமான்களுக்கும் நடுவே ஒரு கட்டையை வைக்க வேண்டும். மறந்தால் பின்னால் இருப்பவர் வைப்பார், நாம் திரும்பி நன்றி சொல்ல வேண்டும். மறுநாள் டெம்பெல்ஹோஃபுக்கு நடை. 2008இல் மூடிய விமான நிலையத்தின் ஓடுபாதையில் இப்போது மக்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், காற்றாடி விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது பார்சல் விவகாரம். அங்கே கட்டடத்துக்குத்தான் எண், உள்ளே இருக்கும் வீடுகளுக்குப் பெரும்பாலும் தனி எண் இல்லை, அழைப்பு மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயர்தான். ஆள் இல்லாவிட்டால் பார்சல்காரர் மற்ற மணிகளை அழுத்துவார். திறப்பவர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வாரம் என் மணி அடித்தது. முதல் மாடிப் பெண்ணுக்கு வந்த பெட்டி. வாங்கி வைத்தேன். யாரென்றே தெரியாத என்னிடம் ஒருவருடைய பொருள் இருக்கிறது என்பதால் அன்று முழுக்க வெளியே போகவில்லை. மாலையில் அந்தப் பெண், பார்சல்காரர் விட்டுப்போன சீட்டோடு வந்தார். வாசலிலேயே பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினோம். கண்ணாடிப் பாட்டில்களை முற்றத்துத் தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை போடாதீர்கள், சத்தம் கேட்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முந்தைய ஞாயிறு நான் போட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன்.

கிளம்பும் நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி மணி. நான்காம் மாடிக்கு வந்த பார்சல். மாலை வரை நான் இருக்கப்போவதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, வாங்கிவிட்டேன். மேலே போய்த் தட்டினேன், ஆள் இல்லை. முதல் மாடிக்கு இறங்கினேன். அந்தப் பெண் பார்சலை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். பார்சல் இவரிடம் இருக்கிறது என்று அவர் பெயரை எழுதி, நான்காம் மாடிக் கதவில் ஒட்டிவிட்டு, அப்புறம் என் பெட்டியோடு இறங்கினேன்.