‘லாசூட்’ கிட்டார் என்ற பெயருக்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: டகமினே எஃப்-360எஸ், 1978இல் செய்த ஜப்பானியக் கிட்டார். “லாசூட் (வழக்கு வரும் அளவுக்கு நகலெடுத்த) கிட்டார், அமெரிக்க மார்ட்டின் டி-28க்குச் சமம்” என்று சொல்லி விற்கிறார்கள். 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகக் கோடு) தடித்த ஈ கம்பியின் ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி) 3.8 மி.மீ. சேடில் (கம்பியைத் தாங்கும் பட்டை) பிரிட்ஜுக்கு (அது பொருந்திய மரக்கட்டை) மேல் 3 மி.மீ. நிற்கிறது. வாங்கலாமா?

ஆறுகம்பி: தாராளமாக வாங்குங்கள். திட ஸ்ப்ரூஸ் முகப்பு, எக்ஸ் பிரேசிங் (உள்ளே எக்ஸ் வடிவத் தாங்குகட்டை), உடல் அளவு எல்லாம் டி-28 தான். தலையில் உள்ள பெயரைக்கூட நாலடி தள்ளி நின்று பார்த்தால் மார்ட்டின் என்றே படிக்கத் தோன்றும். வழக்கு போடும் அளவுக்கு அச்சு அசலாகச் செய்தார்கள்.

உளி: அந்த வழக்கைத் தயவுசெய்து இதில் இழுக்காதீர்கள். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபனெஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மீது போட்டது அது. விவகாரம் தலைப்பகுதியின் வடிவம். அதில் மார்ட்டினும் இல்லை, டகமினேவும் இல்லை. இந்தக் கிட்டாரின் பின்பலகையும் பக்கமும் ப்ளைவுட். டி-28இல் திட ரோஸ்வுட். எப்படிச் சமம்?

ஆறுகம்பி: வழக்கு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ப்ளைவுட் என்றதும் ஒதுக்குவது தப்பு. யமஹா எஃப்ஜி-180 சிவப்பு லேபிளுக்கு முகப்பே ப்ளைவுட், இன்றும் தேடி வாங்குகிறார்கள். வெயிலுக்கும் ஈரத்துக்கும் அவ்வளவு எளிதில் வெடிக்காது.

உளி: வெடிக்காது, ஆனால் கழுத்து சாயாமல் இருக்காதே. ஆக்‌ஷனை 2.6க்குக் கொண்டுவர 1.2 மி.மீ. குறைக்க வேண்டும். 12ஆம் ஃப்ரெட் கம்பியின் பாதித் தூரம், அதனால் சேடிலில் அதைப்போல் இரண்டு மடங்கு, 2.4 சீவணும். மிச்சம் 0.6 தான். கம்பி சேடில்மேல் மடங்கி அழுத்தாது, சத்தம் செத்துவிடும். பிரிட்ஜைச் சீவுவது அதைவிட மோசம்.

ஆறுகம்பி: முதலில் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் உள்ள உலோகத் தண்டு) திருப்பிப் பாருங்கள். ரிலீஃப் (கழுத்தின் லேசான வளைவு) 0.25 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆக்‌ஷனில் கொஞ்சம் அதிலேயே இறங்கும். அப்புறமும் போதாவிட்டால் நெக் ரீசெட், அதாவது கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றிப் பொருத்துவது. 645 மி.மீ. ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) 14ஆம் ஃப்ரெட்டிலிருந்து சேடிலுக்கு ஏறக்குறைய 287 மி.மீ. கழுத்தின் குதி (உடலோடு சேரும் அடிப்பகுதி) 90 மி.மீ. என்றால், குதிமுனையில் எடுக்க வேண்டியது 2.4 × 90 ÷ 287, அதாவது 0.75 மி.மீ. மேலே போகப்போக அது பூஜ்யமாகத் தேயணும்.

உளி: கணக்கு சரி. கழுத்து கழன்றால்தானே அதெல்லாம்! 15ஆம் ஃப்ரெட்டைப் பிடுங்கித் துளை போட்டு நீராவி விடுவது டவ்டெயில் (புறாவால் வடிவ) மூட்டுக்கு. அந்தக்கால ஜப்பானியக் கிட்டார்கள் சிலவற்றில் உள்ளே மரக்குச்சி மூட்டு இருக்கும், நீராவிக்கு இளகாத பசையும் இருக்கும். பிடிவாதமாக ஆவி விட்டால் வார்னிஷ் வெளுத்து, ப்ளைவுட் அடுக்குப் பிரியும்.

ஆறுகம்பி: அப்படியானால் ரீசெட் கூலியை விலையில் கழித்துக் கேட்கட்டும். சவுண்ட்ஹோல் (முகப்பின் ஒலித்துளை) விளிம்பில் முகப்பின் மரவரி அப்படியே கீழே இறங்குகிறதா என்று பார்க்கட்டும், இறங்கினால் திடமரம். உள்ளே உள்ள எட்டு இலக்க எண்ணையும் படிக்கணும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும், அடுத்த இரண்டு மாதத்தை, அதற்கடுத்த இரண்டு தேதியை. 78 என்று தொடங்காவிட்டால் விற்பவர் சொல்லும் ஆண்டே தவறு.

உளி: கூலியைக் கழித்தும் மூட்டு எதுவென்று தெரியாமல் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.