பெய்ல்மர் அடுக்குமாடிகளை இடித்தது சரியா?

மணற்கேணி எழுதியது:

ஆம்ஸ்டர்டாமின் தென்கிழக்கே உள்ள பெய்ல்மர்மேரில் தேன்கூட்டு வடிவ அடுக்குமாடிகளில் ஏறத்தாழப் பாதியை இடித்தது பெரும் அநியாயம் என்று நண்பர் வாய்க்கால் முந்தைய இழையில் எழுதியிருந்தார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1968 நவம்பரில் முதல் குடும்பங்கள் குடியேறிய அந்தப் பகுதியை வரைந்த சீக்ஃபிரீட் நாசுத், கார்களை மேட்டுச் சாலைகளில் ஓடவிட்டு, மனிதர்களைக் கீழே புல்வெளியில் நடக்கவிட்டார். தாளில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரைத்தளம் நெடுகிலும் வீடுகளுக்குப் பதிலாகச் சாமான் அறைகளை வைத்ததால், இருட்டிய பிறகு அந்த மொட்டைச் சுவரோரம் நடந்து வரும் ஒரு பெண்ணை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்கூட இல்லாமல் போயிற்று. வழிப்பறியும் போதைப்பொருள் விற்பனையும் அங்கே வேரூன்றியதற்கு வரைபடமே முதற்காரணம் என்பது என் கருத்து.

வாய்க்கால் எழுதியது:

தரைத்தளத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரைந்தது வேறு, கட்டியது வேறு. செலவைக் குறைக்க மின்தூக்கிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதனால் ஒவ்வொரு மின்தூக்கிக்கும் போய்ச் சேரும் நடைபாதை, காற்று விசிறியடிக்க, வரிசை வரிசையாகக் கதவுகளைக் கடந்து நீண்டுகொண்டே போனது. மெட்ரோ ரயில் 1977இல்தான் வந்தது. பெரிய கடைவீதி அதற்கும் பத்தாண்டு கழித்து வந்தது. வாடகையோ அதிகம். எதிர்பார்க்கப்பட்ட நடுத்தரக் குடும்பங்கள் பக்கத்து ஊர்களான பர்மரெண்டிலும் அல்மேரேயிலும் தோட்டம் வைத்த வீடுகளைத் தேடிப் போய்விட்டன.

அந்தச் சமயத்தில்தான் தென்னமெரிக்காவில் நெதர்லாந்தின் ஆட்சியில் இருந்த சுரினாம் விடுதலை பெற்றது. 1975 நவம்பர் 25க்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானோர் நெதர்லாந்துக்கு வந்தார்கள். வீடுகள் காலியாகக் கிடந்தும், சுரினாமியருக்கு இத்தனைக்கு மேல் கொடுப்பதில்லை என்று வீட்டுவசதி நிறுவனங்கள் வரம்பு வைத்திருந்தன. 1974இல் கிளிப்ஹூவே கட்டடத்தின் வெற்று வீடுகளுக்குள் சுரினாமியக் குடும்பங்கள் தாமாகவே புகுந்து குடியேறியதற்கு அதுதான் பின்னணி. பிறகு அந்தக் கட்டடத்தின் பெயரே கெட்டுப்போய், வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. வீடு மறுத்தவர்களின் பெயர் கெடவில்லை, குடிபுகுந்தவர்களின் பெயர்தான் கெட்டது என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

கானாவிலிருந்து வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். கார் நிறுத்தக் கட்டடங்களில் பாதி வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தாழ்ந்த கான்கிரீட் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, ஞாயிறு ஆராதனை நடத்தினார்கள். நகரம் கைவிட்ட இடத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

நூலகவாசி எழுதியது:

இருவருடைய வாதத்திலும் 1992 அக்டோபர் 4 விடுபட்டிருக்கிறது. அன்று மாலை இஸ்ரேலின் எல் ஆல் நிறுவனச் சரக்கு விமானம் குரூனவேன், கிளைன் கிரௌட்பெர்க் கட்டடங்களின் மேல் விழுந்து 43 பேர் மாண்டார்கள். அங்கே ஆவணமில்லாமல் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால், தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்று அஞ்சினார்கள். விபத்திடத்துக்கு அருகே தப்பி நின்ற மரத்தை "எல்லாவற்றையும் பார்த்த மரம்" என்று அழைக்கிறார்கள். மக்கள் அதன் அடியில் பூக்களையும் பொம்மைகளையும் வைத்தார்கள். இடிப்பைப் பற்றிப் பேசும் யாரும் அந்த மரத்தைத் தாண்டிப் போக முடியாது.

மணற்கேணி எழுதியது:

நூலகவாசி நினைவூட்டியதற்கு நன்றி. வாய்க்கால் சொன்ன வரலாற்றையும் ஏற்கிறேன். இருந்தாலும் ஒன்றைக் கேட்கிறேன்: சம்பாதிக்கத் தொடங்கிய சுரினாமியக் குடும்பம் தோட்டம் வைத்த வீட்டுக்கு ஆசைப்படக் கூடாதா? இடித்த இடத்தில் தாழ்வான வீடுகள் எழும்பியதால்தான், பலர் கோயிலையும் சந்தையையும் உறவையும் விட்டு அல்மேரேக்குப் போகாமல் அங்கேயே இருக்க முடிந்தது. கட்டடம் போனாலும் ஊர் நின்றது. கால்பந்துப் போட்டியாக 1975இல் தொடங்கிய குவாக்கு விழா இன்றும் நடப்பதற்கு அந்த மக்கள் அங்கே இருப்பதுதானே காரணம்?

வாய்க்கால் எழுதியது:

ஆசைப்படலாம், ஐயா, கட்டாயம் ஆசைப்படலாம். ஆனால் இடிப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொன்னதைத்தான் நான் மறுக்கிறேன். 400 மீட்டர் நீளமும் 500 வீடுகளும் கொண்ட கிளைபர்க் என்ற பெய்ல்மர் அடுக்குமாடியையும் இடிக்கத்தான் இருந்தார்கள். அதை ஒரு குழு ஒரு யூரோவுக்கு வாங்கி, வெறும் கூடாக வீடுகளை விற்று, உள்வேலையை வாங்கியவர்களிடமே விட்டது. நீங்கள் குறை சொன்ன சாமான் அறைகளை மேல்தளங்களில் மின்தூக்கிகளின் பக்கம் நகர்த்தி, தரைத்தளத்தில் வீடுகளையும் வேலைக்கூடங்களையும் வைத்தார்கள். 2017இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மீஸ் வான் டெர் ரோஹே கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. வரைபடத்தின் குறையை இடிக்காமலேயே திருத்த முடிந்திருக்கிறது.

மணற்கேணி எழுதியது:

கிளைபர்க் எடுத்துக்காட்டு வலுவானது. தரைத்தளத்தைப் பற்றிய என் வாதம் அதன் முன் நிற்கவில்லை. ஆனால் வெற்றுக் கூட்டை விலைக்கு வாங்கி, உள்வேலைக்கும் கையிலிருந்து பணம் போட முடிந்தவர்களுக்குத்தான் அந்த வழி திறந்தது. கிளிப்ஹூவேக்குள் புகுந்து குடியேறியவர்களைப் போன்ற வாடகைக் குடும்பம் ஒன்று அங்கே எப்படி நுழைந்திருக்கும் என்பதற்கு உங்களிடம் விடை இருந்தால் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.