கலைச்சொல்: சூழல் சரிவா, அவைமயக்கமா?

நண்பர்களே,

சிறுபான்மை இனத்தவர் சமூக ஊடகத்தில் தம் அடையாளத்தை வெளிப்படுத்துவது பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘காண்டெக்ஸ்ட் கொலாப்ஸ்’ ஒன்றுக்குத்தான் சொல் அமையவில்லை. ட்விட்டர் பயனர்களை ஆராய்ந்து மார்விக்கும் பாய்டும் 2011-இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் இது. நேரில் தனித்தனியே சந்திக்கும் உறவினர், உடன் வேலை செய்பவர், முன்பின் தெரியாதவர் எல்லாரும் ஒரே பதிவின் கீழ் வந்து நிற்பதைக் குறிக்கும். துருக்கியில் ஒருவர் குர்து மொழியில் நெவ்ரோஸ் (புத்தாண்டு) வாழ்த்து இட்டால் உறவினருக்கு அது பண்டிகை. வேறொருவருக்கு அரசியல் முழக்கம். இப்போதைக்கு ‘சூழல் சரிவு’ என்று போட்டிருக்கிறேன்.
– செ.

சரிவு வேண்டாம். மண்சரிவு, விலைச்சரிவு என்றே காதில் விழும். இங்கே எதுவும் விழவில்லை, ஒன்றோடொன்று கலக்கிறது. ‘அவைமயக்கம்’ என்க. மெய்ம்மயக்கம் (மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வருவது), திணைமயக்கம் (ஒரு திணைக்குரியது இன்னொன்றில் வருவது) என்பவற்றில் மயக்கம் கலப்புதானே? வள்ளுவர் அவையறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் (72) வைத்தார். அவையறிந்து சொல்ல வழியில்லாமல் போவதுதான் இங்கே சிக்கல்.
– நா.

> மயக்கம் கலப்புதானே?
ஐயா, திணை மயங்கலாம் என்ற கையோடு நிலம் மயங்காது என்கிறார் தொல்காப்பியர். இங்கே மயங்குவது இடமாகிய நிலமேயல்லவா? அது போகட்டும். மயக்கம் என்றால் மாணவருக்குத் தலைசுற்றல்தான். ‘அவைக்கலப்பு’ போதும். இன்னொன்று: பழைய பதிவு ஆண்டுகள் கழித்து வேலைக்கு எடுப்பவர் கண்ணில் படுகிறதே, அதை ‘அவை’ தாங்குமா?
– மு.

தாங்கும். பிந்தி வந்தாலும் அவையினரே. மயங்கக் கூடாதது மயங்கிவிட்டது என்பதால்தான் என் சொல் பொருந்துகிறது. மெய்ம்மயக்கம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது. மாணவருக்குப் புரியாது என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டால் மிச்சம் என்ன?
– நா.

‘அவை’ இருக்கட்டும். 2014-இல் ஆய்வாளர்கள் காண்டெக்ஸ்ட் கொலாப்ஸை இரண்டாகப் பிரித்தார்கள்: தானே விரும்பி எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டுவது ஒன்று, எதிர்பாராமல் வந்து மோதுவது மற்றொன்று. அவைக்கூட்டல், அவைமோதல் என்று இரண்டும் எளிதாகப் பிறக்கும். ஆனால் ‘கலப்பு’ கூடாது. இனச் சிறுபான்மை பற்றிய பாடத்தில் அது இனக்கலப்பை நினைவூட்டும். அந்தச் சொல்லின் பழைய இழிவும் கூடவே வரும்.
– வா.

பாடத்தில் கொடி எமோஜி உண்டா? நிலப்பகுதிக் கொடிகள் நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் குறியீடு தரும் ஐஎஸ்ஓ 3166 தரத்தை ஒட்டியவை. தனிக் குறியீடு இல்லாத மக்களுக்குக் கொடியும் இல்லை. 2022 முதல், எமோஜிகளை வரையறுக்கும் யூனிகோடு அமைப்பு புதுக்கொடி முன்மொழிவுகளை ஏற்பதுமில்லை. அதனால் வட ஐரோப்பாவின் பழங்குடியான சாமி (Sámi) மக்கள் தம் கொடியின் நிறங்களான சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் இதயங்களை வரிசையாக இடுகிறார்கள். தெரிந்தவருக்கு அது கொடி, மற்றவருக்கு வெறும் இதயம். ஒரே வரியில் இரண்டு அவைக்கும் பேசும் இந்த உத்திக்கும் சொல் வேண்டும். ‘நிறக்கொடி’?
– மு.

அதற்குத் தனி இழை தொடங்குங்கள், ஐயா. இதுவரை அவைக்கலப்புக்கு நால்வர், அவைமயக்கத்துக்கு இருவர். பாடத்தில் முன்னதும் சொல்லடைவில் பின்னதும் வரும்.
– செ.

‘கலப்பு’க்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மறுபதிப்புக்கு முன் ‘அவைநெருக்கு’ என்பதையும் பாருங்கள்.
– வா.