பட்ஜெட் விமானத்தில் பிள்ளைங்களோட போறோம், சீட்டுக்குத் தனியா காசு கட்டணுமா?

பார்வதிபுரம் வாசி கேட்டது:

மே மாசம் திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூருக்கு ஆறு பேர் போறோம். நானும் வீட்டுக்காரரும், பிள்ளைங்க ரெண்டு பேர் (4 வயசு, 9 வயசு). எங்க நாலு பேருக்கும் ஒரே பி.என்.ஆர். மாமனார், மாமியார் டிக்கெட்டை பிறகு எடுத்ததால அது தனி பி.என்.ஆர்.; ரெண்டு பேருக்கும் 70 தாண்டியாச்சு.

சீட் எடுக்கிற பக்கத்துல ஒரு சீட்டுக்கு 300 ரூபாய் காட்டுது. ஆறு பேருக்கு போக, வர 3,600. கட்டலேன்னா பிள்ளைங்கள வேற வரிசையில தனியா போட்டிருவாங்களா? எல்லாருக்கும் கட்டணுமா, சிலருக்கு மட்டும் கட்டினா போதுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் டிக்கெட்டிங் பதில்:

அக்கா, ஆறு பேருக்கும் கட்ட வேண்டாம். மாமனார், மாமியார் ரெண்டு பேருக்கு மட்டும் கட்டுங்க, போக வர 1,200 ரூபாய்ல முடிஞ்சிரும்.

விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துற மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரல்ல ஏர்லைன்களுக்கு ஒரு உத்தரவு போட்டிருக்கு. 12 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு, அதே பி.என்.ஆர்.ல வாற அப்பா, அம்மா அல்லது காப்பாளர்ல ஒருத்தர் பக்கத்துல சீட் கொடுக்கணும், கொடுத்ததைப் பதிவு பண்ணியும் வைக்கணும். இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒண்ணு, “ஒருத்தர்” பக்கத்துல, அவ்வளவுதான். நாலு பேரும் ஒரே வரிசையில வரும்னு இதுல இல்ல. நீங்களும் சின்னதும் 8ஆம் வரிசை, அவரும் பெரியதும் 21ஆம் வரிசைன்னு வந்தாலும் விதிப்படி சரிதான். ரெண்டாவது, “அதே பி.என்.ஆர்.” உங்க மாமியார் உங்க கூடத்தான் வாறாங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனாலதான் அவங்களுக்குக் கட்டச் சொல்றேன்.

பெரியவங்களுக்கு முன் வரிசை வேண்டாம், விலை கூடுதல். ஏ320 மாதிரி விமானத்துல பின்னாலதான் ரெண்டு கழிப்பறை இருக்கும், முன்னால ஒண்ணுதான். கடைசியிலிருந்து நாலாவது, அஞ்சாவது வரிசையில நடைபாதை ஓர சீட்டும் அதுக்கு அடுத்த சீட்டும் எடுங்க. கடைசி வரிசையே வேண்டாம். அது பெரும்பாலும் பின்னால சாயாது, கழிப்பறைக்கு நிக்கிற கூட்டமும் தோள் மேல நிக்கும். வீல்சேர் வேணும்னா 48 மணி நேரத்துக்கு முன்னாலயே ஏர்லைன்ல பதிஞ்சு வையுங்க.

இனி உங்க நாலு பேர். டிக்கெட் போடும்போது பிள்ளைங்க பிறந்த தேதி சரியா ஏறியிருக்கான்னு முதல்ல பாருங்க. அவசரத்துல பெரியவங்கன்னு டிக்கெட் போட்டிருந்தா, பிள்ளைன்னு தெரியாமலே சீட் விழும். வெப் செக்-இன் உள்நாட்டுல பெரும்பாலும் 48 மணி நேரத்துக்கு முன்னால திறக்கும். திறந்த உடனே பண்ணுங்க. தாமதிச்சா மிஞ்சி இருக்கிறது அங்கங்கே சிதறின நடு சீட்டுதான். வரைபடம் முழுக்க விலை போட்டுக் காட்டும், அதுல எதையும் தொடாதீங்க. சீட் தேர்வைத் தாண்டிப் போற பொத்தான் கீழேயோ மூலையிலேயோ சின்னதா இருக்கும், அதை அமுக்கினா தானா ஒதுக்கும். சீட்டுக்குக் காசு கட்டறது பயணி விருப்பம்தான், கட்டாயம் இல்ல. சில புக்கிங் தளங்கள்ல முன்கூட்டியே டிக் போட்டு வச்சிருப்பாங்க, அதை எடுத்து விடுங்க.

போர்டிங் பாஸ் வந்ததும் நம்பரைப் பாருங்க. பிள்ளை பக்கத்துல ரெண்டு பேர்ல யாரும் இல்லேன்னா அப்பவே காசு கட்டிராதீங்க. கஸ்டமர் கேர்ல பி.என்.ஆர். சொல்லி, பிள்ளை வயசைச் சொல்லி மாத்தச் சொல்லுங்க. அங்க ஆகலேன்னா ஏர்போர்ட் கவுண்டர் திறக்கும்போதே நில்லுங்க. கவுண்டர் மூடுற நேரத்துக்குப் போனா, கொடுக்க மனசிருந்தாலும் அவங்க கையில சீட் இருக்காது.

குழித்துறை ஆத்தோரம் பதில்:

மேலே சொன்னது சரி. ஆனா நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல வளைகுடாவுக்கு அம்மா மட்டும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுதான் அதிகம், அவங்களுக்குக் கணக்கு வேற.

12 வயசு முடிஞ்ச பிள்ளைக்கு டிக்கெட் பெரியவங்க டிக்கெட்தான். 13, 14 வயசுப் பிள்ளை தனியா எங்கயோ விழுந்தா கேட்க விதி இல்ல. தனியா உட்கார அந்தப் பிள்ளைக்குப் பயம்னா அதுக்கும் அம்மாவுக்கும் கட்டுங்க. சின்னது விதிப்படியே அம்மா பக்கத்துல வரும். வெளிநாட்டு ஏர்லைன்ல போறவங்க இந்த டி.ஜி.சி.ஏ. உத்தரவை நம்பி இருக்க வேண்டாம், அந்தந்த ஏர்லைன் விதியைப் படிச்சிட்டு டிக்கெட் எடுங்க.

மடியில கைக்குழந்தை இருந்தா இன்னொண்ணு. மூணு சீட்டுக்கு மேல பொதுவா நாலு ஆக்சிஜன் மாஸ்க்தான் இருக்கும். அதனால அந்த மூணு சீட்டுக்கு ஒரு கைக்குழந்தைதான். அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஆளுக்கொரு குழந்தையோட ஒட்டி உட்காரலாம்னு காசு கட்டினா, கடைசியில ஒருத்தரை மாத்துவாங்க. நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு எடுங்க. எமர்ஜென்சி கதவு வரிசையில பிள்ளைங்களுக்கோ கைக்குழந்தை வச்சிருக்கிறவங்களுக்கோ இடம் கிடையாது.

பிள்ளை பக்கத்துல ஆள் வேணும்னு சொல்றது கொஞ்சிக்கிறதுக்கு இல்ல. 35,000 அடியில காத்தழுத்தம் போனா, நினைவு தெளிவா இருக்கிறது 30 முதல் 60 விநாடிதான். முதல்ல பெரியவங்க மாஸ்க் போட்டுட்டு, உடனே பிள்ளைக்குப் போடணும். நாலு வரிசை தள்ளி இருந்தா அந்த நேரத்துல கை எட்டாது.

தக்கலை பதில்:

காசே கட்டாதேன்னு ஒரேயடியா சொல்லக் கூடாது. மே மாசம் விமானம் நிறைஞ்சு போகும். விதி சீட்டைத் தரும், ஜன்னலைத் தராது. வாந்தி எடுக்கிற பிள்ளைன்னா இறக்கைக்கு நேரே உள்ள வரிசையில ஆட்டம் குறைவு, அதுக்கு 300 கொடுக்கலாம். பிள்ளையை நடைபாதை ஓரத்துல மட்டும் வைக்காதீங்க. கைப்பிடிக்கு வெளியே நீட்டின விரல்ல டிராலி விளிம்பு இடிக்கும், சூடான டீ தலைக்கு மேலதான் கை மாறும். பெரியவங்க ஓரம், பிள்ளை உள்ளே.

ஜன்னலுக்குன்னே கட்டறவங்க போயிங் 737ஆன்னு பாத்துக்கிடுங்க. அதுல இடது பக்கம் இறக்கைக்குக் கொஞ்சம் முன்னால ஒரு வரிசையில ஜன்னலே இருக்காது, ஏசி காத்துக் குழாய் அந்தச் சுவருக்குள்ள ஏறுது. ஆசையா உட்கார்ற பிள்ளை வெறும் சுவரைப் பார்த்துட்டு வரும்.

டிக்கெட்டை ரத்து பண்ணினா சீட் காசு பெரும்பாலும் திரும்ப வராது. போறது உறுதியான பிறகு கட்டுங்க. ஏர்லைன் தானா விமானத்தையோ நேரத்தையோ மாத்தினா சீட்டும் கலைஞ்சு போகலாம். பங்குனி, ஐப்பசி ஆறாட்டு அன்னைக்கு பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓடுபாதை வழியா சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், சாயங்காலம் சில மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. அந்தத் தேதியில டிக்கெட் வச்சிருக்கிறவங்க, நேரம் மாறின மெசேஜ் வந்ததும் சீட் நம்பரையும் திறந்து பாருங்க. கட்டின சீட் போயிருந்தா அதே தரத்துல வேற சீட் கேளுங்க, இல்லேன்னா காசைக் கேளுங்க.

பார்வதிபுரம் வாசி:

ரொம்ப நன்றி. பெரியவங்களுக்கு மட்டும் கட்டிடுறேன். இன்னொரு சந்தேகம்: திரும்பி வர தூத்துக்குடி வாகைக்குளத்துக்கு ஏடிஆர் விமானம் காட்டுது. முன் வரிசைக்கு விலை கூடுதல். சீக்கிரம் இறங்கலாம்னா கட்டலாமா?

மார்த்தாண்டம் டிக்கெட்டிங்:

வேண்டாம் அக்கா. ஏடிஆர் 72ல ஆள் ஏறி இறங்குற கதவு பின்னால இருக்கு, முன்னால சரக்கு அறை. முன் வரிசைக்காரங்கதான் கடைசியா இறங்குவாங்க. ஒரு பக்கத்துக்கு ரெண்டு சீட்டுதான், நடு சீட்டே இல்ல. அதனால பிள்ளைக்கு ஒரு பெரியவர்னு ஜோடியா விழ வாய்ப்பு அதிகம். பெரியவங்களுக்குப் பின் வரிசையில எடுங்க, படி பக்கம், நடையும் குறைவு.

சின்ன விமானம், எடை முன்னும் பின்னும் சமமா இருக்கணும். காலியா கிடக்குன்னு நீங்களா இடம் மாறாதீங்க, பணிப்பெண்ணைக் கேட்டுட்டு மாறுங்க. தலைக்கு மேல உள்ள பெட்டியும் சின்னது. பிள்ளைங்க மாத்துத் துணி, மருந்து, தண்ணி பாட்டில் எல்லாம் காலடியில வைக்கிற பையில இருக்கட்டும்.