நடவு வயலும் நாலு மணி இடியும்

(குழுவின் பெயர்: பெரியவீட்டுச் சொந்தங்கள். பெரியப்பா, அத்தை, சித்தப்பா மூவரும் உடன்பிறந்தவர்கள்; சித்தி, சித்தப்பாவின் மனைவி.)

[மாலை 3:41] சித்தி (மன்னார்குடி): ஒரத்தநாடு பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மின்சாரம் இரண்டு முறை போய் வந்துவிட்டது. தஞ்சாவூரில் மழையா?

[3:43] தம்பி (தஞ்சாவூர்): இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது சித்தி. மழையைவிட மின்னல்தான் அதிகம். விடுதி மொட்டை மாடியில் நின்று படம் பிடித்தேன்.

[3:43] தம்பி (தஞ்சாவூர்): 🎥 காணொளி

[3:44] தம்பி (தஞ்சாவூர்): மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே மின்னல் அதே பாதையில் மூன்று நான்கு முறை துடிக்கிறது.

[3:45] அக்கா (சென்னை): துடிப்பது சரி. நீ எங்கே நின்றாய் என்றாய்?

[3:45] தம்பி (தஞ்சாவூர்): இப்போது அறையில்தான் இருக்கிறேன்.

[3:46] அக்கா (சென்னை): கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை அறையிலேயே இரு. மழை விட்டாலும் மேகத்தில் மின்சாரம் மிச்சம் இருக்கும்.

[3:48] பெரியப்பா: ↪️ பலமுறை பகிரப்பட்டது
*தமிழன் அன்றே அறிந்த இடிதாங்கி!!* கோபுரக் கலசத்தில் வரகு நிரப்பினால் 12 ஆண்டுகள் இடியைத் தாங்கும். அதனால்தான் 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு. *ஐந்து குழுக்களுக்காவது அனுப்புங்கள்.*

[3:50] அக்கா (சென்னை): பெரியப்பா, வரகு மின்னலைத் தாங்காது. உச்சியில் இருக்கும் உலோகத்திலிருந்து தடித்த கம்பி ஒன்று தரைவரை இறங்கி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். அந்தக் கம்பிதான் இடிதாங்கி. வரகை விதைக்காக வைத்தார்கள் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

[3:51] பெரியப்பா: எனக்கு வந்ததை அனுப்பினேன், பாப்பா.

[3:52] சித்தி (மன்னார்குடி): அதை விடுங்கள் மாமா. இவர் இன்னும் வயலிலிருந்து வரவில்லை. சம்பா நடவு. நடவுப் பெண்கள் எட்டுப் பேர் கூட இருக்கிறார்கள். போனை எடுக்கவே இல்லை.

[3:53] அத்தை (சிங்கப்பூர்): தம்பி எங்கே இருக்கிறாய்? உடனே பதில் சொல்.

[3:58] சித்தப்பா: மடை அடைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. இன்னும் இரண்டு மா நிலம்தான் பாக்கி. நாற்றுப் பறித்து வைத்தாகிவிட்டது. முடித்துவிட்டு வந்துவிடுகிறோம். இங்கே ஒரு துளிகூட விழவில்லை.

[3:59] அக்கா (சென்னை): சித்தப்பா, அடுத்த மின்னல் வெட்டியதும் எண்ணுங்கள். சத்தம் வரும்வரை எத்தனை வினாடி?

[4:01] சித்தப்பா: பதினெட்டு.

[4:02] அக்கா (சென்னை): மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கு. ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. முப்பதுக்குள் வந்தாலே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். துளி விழவில்லை என்பதை நம்பாதீர்கள். மேகத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும்.

[4:03] சித்தப்பா: சரி, மோட்டார் கொட்டகைக்குள் போய்விடுகிறோம்.

[4:03] அக்கா (சென்னை): வேண்டாம். கம்பத்துக் கம்பி நேராக அதற்குள்தான் வருகிறது. கம்பத்தில் இறங்கினால் உங்கள் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு வந்துவிடும். மேலே வெறும் ஓலை.

[4:04] சித்தப்பா: வரப்பில் பனை இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் புளியமரம்.

[4:04] அக்கா (சென்னை): மரமே கூடாது. மரத்தில் இறங்குவது பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும். தாவாவிட்டாலும் வேர் வழியாக மண்ணில் பரவும். நீங்கள் நிற்பதோ சேற்றுத் தண்ணீரில், காலை அகட்டிக்கொண்டு, சுற்றிலும் உங்களைவிட உயரமாக எதுவுமே இல்லாமல்.

[4:05] அத்தை (சிங்கப்பூர்): இங்கே ஆண்டில் 160 நாட்களுக்கு மேல் இடி இடிக்கும். மைதானத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆட்டம் நிற்கும். நீச்சல் குளத்திலிருந்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். முணுமுணுத்துக்கொண்டாவது ஏறிவிடுவோம். நீ அந்த இரண்டு மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

[4:06] சித்தி (மன்னார்குடி): அண்ணி, நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்.

[4:07] சித்தப்பா: பள்ளிக்கூடக் கட்டடம் ஐந்து நிமிட நடை. நான் போகத் தயார். இவர்கள்தான் கரையேற மாட்டேன் என்கிறார்கள். "பாதியில் ஏறினால் பாதிக் கூலியா?" என்று கேட்கிறார்கள்.

[4:07] அக்கா (சென்னை): நீங்கள் என்ன சொன்னீர்கள்?

[4:08] சித்தப்பா: பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

[4:08] அக்கா (சென்னை): அந்தப் பதிலுக்கு யார் கரையேறுவார்கள்? முழுக் கூலி என்று இப்போதே, சத்தமாகச் சொல்லுங்கள். 2020 ஜூன் 25 அன்று பீகாரில் ஒரே நாளில் 83 பேர் மின்னலுக்குச் செத்தார்கள். வயல் வேலையில் இருந்தவர்கள் பலர். 2022இல் நாடு முழுக்க 2,887 பேர். இடி கேட்காமலா நின்றிருப்பார்கள்?

[4:09] பெரியப்பா: தம்பி, பாப்பா சொல்வதைக் கேள். கூலியை நான் தருகிறேன்.

[4:10] சித்தப்பா: நீங்கள் தர வேண்டாம் அண்ணா. சொல்லிவிட்டேன். எல்லோரும் ஏறிவிட்டார்கள். நடக்கிறோம்.

[4:10] அக்கா (சென்னை): கூட்டமாக நடக்காதீர்கள், ஆளுக்கு ஆள் இடைவெளி விடுங்கள். மண்வெட்டியைத் தோளில் வைக்க வேண்டாம். போனைப் பையில் போடுங்கள், பார்த்து நடங்கள்.

[4:16] சித்தி (மன்னார்குடி): மழை பிடித்துவிட்டது. எதிர்வீடு தெரியவில்லை.

[4:19] சித்தி (மன்னார்குடி): கடவுளே

[4:19] சித்தி (மன்னார்குடி): பக்கத்தில் எங்கேயோ விழுந்திருக்கிறது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. ஜன்னல் கதவு அதிர்ந்தது. மின்சாரம் போய்விட்டது.

[4:20] பெரியப்பா: அர்ஜுனா அர்ஜுனா. எங்கள் அம்மா இருந்திருந்தால், இடி விழக் கூடாது என்று இந்நேரம் அரிவாள்மனையை முற்றத்தில் வீசியிருப்பார்.

[4:20] அத்தை (சிங்கப்பூர்): ஒரு தடவை உலக்கையை வீசி அப்பா காலில் விழுந்ததே அண்ணா. இடி யார் மேலும் விழவில்லை. உலக்கைதான் விழுந்தது.

[4:21] சித்தி (மன்னார்குடி): டிவி பிளக்கைப் பிடுங்கிவிடவா?

[4:21] அக்கா (சென்னை): இப்போது தொடாதீர்கள் சித்தி. அதை வானம் கறுக்கும்போதே செய்திருக்க வேண்டும். குழாயைத் திறக்க வேண்டாம், பாத்திரம் கிடக்கட்டும். ஜன்னல் பக்கம் போகாதீர்கள். போன் சார்ஜரில் இல்லையே?

[4:22] சித்தி (மன்னார்குடி): இல்லை. கையில் போன் இருந்தால் மின்னல் இழுக்கும் என்கிறார்களே?

[4:22] அக்கா (சென்னை): இழுக்காது. சுவரோடு கம்பி இருக்கிற போன்தான் ஆபத்து. பேசுங்கள்.

[4:24] சித்தி (மன்னார்குடி): இவரிடமிருந்து ஒன்றும் வரவில்லையே.

[4:27] தம்பி (தஞ்சாவூர்): நான் அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை.

[4:31] சித்தப்பா: வந்து சேர்ந்துவிட்டோம். ஒன்பது பேரும் பள்ளிக்கூடத்துக்குள். போன் சட்டைக்குள் நனைந்து கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை.

[4:31] சித்தி (மன்னார்குடி): 🙏🙏🙏

[4:32] அத்தை (சிங்கப்பூர்): மாரியம்மா.

[4:34] சித்தப்பா: விழுந்தது கீழவீட்டுக்காரர் தென்னையில். இங்கிருந்தே தெரிகிறது. குருத்து புகைகிறது, மழையிலும். அதன் அடியில் மாடு கட்டியிருந்தார்.

[4:35] பெரியப்பா: எந்த மாடு? சினைமாடா?

[4:36] சித்தப்பா: கறவை. அப்படியே சாய்ந்து கிடக்கிறது. மனிதர் தூரத்தில்தான் இருந்தார், அவருக்கு ஒன்றுமில்லை.

[4:38] தம்பி (தஞ்சாவூர்): மரத்தில் விழுந்ததற்கு மாடு ஏன் சாகிறது அக்கா?

[4:40] அக்கா (சென்னை): மரத்தடியில் மண்ணில் மின்சாரம் பரவும்போது இடத்துக்கு இடம் அழுத்தம் மாறும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம். ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும் மின்சாரம் நடுவில் இதயத்தைக் கடக்கிறது. ஓட வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டால் குதிகால்களைச் சேர்த்துக் குந்தச் சொல்வது அதனால்தான். படுக்கக் கூடாது.

[4:42] சித்தப்பா: மாட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று யாரும் கிட்டப் போகவில்லை.

[4:43] அக்கா (சென்னை): உடம்பில் மின்சாரம் தங்காது, தொடலாம். ஆனால் மழையில் இப்போது போக வேண்டாம். மனிதர் விழுந்திருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. மூச்சு இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மின்னல் தாக்கியவர்களில் பலர் பிழைக்கிறார்கள். நின்ற இதயத்தை உடனே அழுத்தாமல் விடுவதால்தான் சிலர் போய்விடுகிறார்கள்.

[4:47] பெரியப்பா: கீழவீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல் தம்பி. மாட்டை இன்றிரவே புதைத்துவிட வேண்டாம். காலையில் கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்து சான்று தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கு இப்போதே தகவல் சொல்லிவிடச் சொல். படம் எடுத்து வைக்கட்டும், மரமும் மாடும் ஒரே படத்தில் வருகிற மாதிரி. பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய். புதைத்துவிட்டு வந்து கேட்டவர்களைத் தாலுகா அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எந்த மாடு, எப்படிச் செத்தது என்று கேள்விமேல் கேள்வி கேட்பார்கள்.

[4:49] அக்கா (சென்னை): இந்தச் செய்தியை ஐந்து குழுக்களுக்கு அனுப்புங்கள் பெரியப்பா.

[4:49] பெரியப்பா: 😄

[5:02] சித்தப்பா: மழை விட்டுவிட்டது. பெண்கள் கிளம்புகிறேன் என்கிறார்கள். இடி தூரத்தில்தான்.

[5:02] அக்கா (சென்னை): கேட்கிறது அல்லவா? அரை மணி.

[5:03] சித்தப்பா: டீ வாங்கிவரக்கூடப் போகக் கூடாதா?

[5:03] சித்தி (மன்னார்குடி): போகக் கூடாது.

[5:44] சித்தப்பா: எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதி இரண்டு மாவுக்கு நாளைக் காலை ஆறு மணிக்கே இறங்குகிறோம். பதினொன்றுக்குள் முடிந்துவிடும். இந்த ஐப்பசியில் பிற்பகலில்தானே வானம் கெட்டுப்போகிறது.

[5:46] அக்கா (சென்னை): போனில் தாமினி என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினுடையது. 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் மின்னல் இருந்தால் காட்டும்.

[5:47] சித்தப்பா: போன் முதலில் காயட்டும்.

[5:50] அத்தை (சிங்கப்பூர்): இவ்வளவு இடி இடித்திருக்கிறதே, நாளை வேலியோரம் காளான் முளைத்திருக்கும். பறித்தால் படமாவது அனுப்பு.

[5:53] சித்தி (மன்னார்குடி): மின்சாரம் வந்துவிட்டது. டிவி எரியவில்லை. கருகிய வாடை வருகிறது. அண்ணி, இவரிடம் சொல்லிவிடாதீர்கள், ஏற்கெனவே இன்று இரட்டைக் கூலிச் செலவு.

[5:54] சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

[5:54] சித்தி (மன்னார்குடி): தெரியும். அதனால்தான் இங்கே எழுதினேன். வரும்போது மெழுகுவத்தியும் வாங்கி வாருங்கள்.