நிக்கோலஸ் பிளேக்கின் கொலைக்கதை படித்தாயிற்று, அவர் கவிதைகளையும் படிக்க வேண்டுமா?

கோத்தகிரி வாசகன்:
வணக்கம். ஊட்டியில் பழைய புத்தகக் கடை ஒன்றில் நிக்கோலஸ் பிளேக் எழுதிய 'தி பீஸ்ட் மஸ்ட் டை' கிடைத்தது. படித்து முடித்தும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. சின்னப் பையன் மேல் காரை ஏற்றிக் கொன்றுவிட்டு எவனோ நிற்காமல் போய்விடுகிறான், அவனைக் கண்டுபிடித்துக் கொல்லப்போகிறேன் என்று அப்பா எழுதும் டைரிதான் முதல் பகுதி முழுக்க. தினமும் மலைச்சாலை வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்தப் பக்கங்கள் லேசில் தாண்டக்கூடியவை இல்லை. இந்த பிளேக் உண்மையில் செசில் டே லூயிஸ் என்ற கவிஞராம், 1968-ல் பிரிட்டனின் அரசவைக் கவிஞராகவே ஆனவராம். எங்கள் வாசகர் கூட்டத்தில் இவரைப் பற்றிப் பேச வேண்டும். கவிதைகளையும் படிக்க வேண்டுமா, அல்லது அது வேறு இது வேறு என்று விட்டுவிடலாமா?

குன்னூர் மூடுபனி:
வேறு வேறுதான் என்பது என் கருத்து. கூரை ஒழுகியது, அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்றுதான் 1935-ல் முதல் துப்பறியும் நாவலை எழுதினார். புனைபெயர் வைத்ததே கவிஞர் என்ற பெயரைத் தனியாகக் காப்பாற்றத்தான். பழைய ரோமக் கவிஞர் வர்ஜிலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், ஆக்ஸ்போர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய உயிர் இருந்தது அந்தப் பக்கம். நாவல்களில் துப்பறியும் நைஜல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ்கூட ஆரம்பத்தில் அவருடைய கவிஞர் நண்பர் ஆடனின் சாயலில் உருவானவர்தான். நண்பர்களுக்கு நடுவே ஒரு விளையாட்டு போலத் தொடங்கியது அது.

கொடை டீச்சர்:
மூடுபனி சார், பணத்துக்காகத் தொடங்கினார் என்பது சரி. அதற்காக மனதில் இருந்ததை எழுதவில்லை என்று ஆகிவிடுமா? கோத்தகிரி தம்பி, நீங்கள் 'வாக்கிங் அவே' என்ற ஒரே ஒரு கவிதையைப் படியுங்கள், 1962-ல் வந்த 'தி கேட்' தொகுப்பில் இருக்கிறது. மூத்த மகன் ஷானுக்காக எழுதியது. பையன் கால்பந்து ஆடி முடித்துவிட்டு, அப்பாவை விட்டு மற்ற பையன்களோடு பள்ளியை நோக்கி நடந்து போகிறான். நடப்பது அவ்வளவுதான். பதினெட்டு வருடம் கழித்தும் அந்தக் காட்சி அப்பாவை உறுத்துகிறது, கடைசியில் போகவிடுவதும் அன்புதான் என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறார். நான் விடுதிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு கேட் பக்கத்திலேயே தயங்கி நிற்கும் அப்பாக்களைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கவிதையில் ஒரு வரிகூட மிகையில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். ஷான் பிறந்தது 1931-ல், நாவல் வந்தது 1938-ல். கதையில் சாகும் மார்ட்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். வீட்டில் அந்த வயதில் பிள்ளையை வைத்துக்கொண்டு, அவன் இல்லாமல்போனால் என் மனம் எந்த எல்லைக்குப் போகும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதிப் பார்க்கிறார் என்றால் அது கூரைக்காக மட்டும் செய்த வேலையாக எனக்குப் படவில்லை. இன்னொன்று, அந்த அப்பாவும் புனைபெயரில் துப்பறியும் கதை எழுதுகிறவர், அந்தப் பெயரை வைத்துத்தான் எதிரியின் வீட்டுக்குள்ளேயே நுழைகிறார். அங்கே போனால் எதிரிக்கும் ஒரு மகன், பயந்து நடுங்கி வளரும் ஃபில். அவன் மேல் இவருக்குப் பாசம் வந்துவிடுகிறது. பழிவாங்கும் கதையில் அந்தப் பையனை அப்படிக் கொண்டுவந்து வைத்தது சாமர்த்தியத்தால் வந்ததில்லை, 'வாக்கிங் அவே' எழுதிய அதே மனசுதான். பிள்ளை பறிபோவது நாவல், பிள்ளை தானாகவே நடந்துபோவது கவிதை. இரண்டிலும் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரே அப்பா.

குன்னூர் மூடுபனி:
ஃபில் விஷயம் நல்ல இடம் டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லா நாவலையும் இப்படிக் கவிதையோடு சேர்த்து வாசிக்க முடியாது. 'மினிட் ஃபார் மர்டர்' போர்க்கால அரசு அலுவலகத்தில் நடக்கிற கதை, அவரே அந்த நாட்களில் தகவல் அமைச்சகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் அலுவலக விவரங்கள் அருமையாக இருக்கும், ஆனால் அதற்குள் கவிஞரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

கோத்தகிரி வாசகன்:
ரொம்ப நன்றி டீச்சர், சார். கவிதையைத் தேடி எடுத்து இப்போதுதான் படித்தேன். கூட்டத்தில் முதலில் கவிதையை வாசித்துவிட்டு, பிறகு டைரியின் முதல் சில பக்கங்களை வாசிக்கலாம் என்று இருக்கிறேன். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லப்போவதில்லை, புத்தகம் கேட்பவர்களுக்கு என் பிரதியையே கொடுக்கிறேன்.